பல் கட்டும் முன் ஒரு தாள்: சென்னைப் பல் மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

சென்னையில் கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டணம் அதிகம் என்று சண்டை போட இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிப் பேர் இந்த வரியோடு நிறுத்திவிடுவீர்கள். ஒரே ஒரு பல்லுக்கு இம்பிளாண்ட் வைக்க, அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ ஏற்றி அதன் மேல் செயற்கைப் பல் கட்ட, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை, தாடையில் துளை போடுவதற்கு முன்பே ஒரு தாளில் பிரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்குப் போனது கீழ்வரிசையில் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல். நீங்கள் பற்களுக்குப் போடும் எண்ணில் 46. ரூட் கேனல் செய்து கேப் போட்ட பல். பல வருஷம் உழைத்துவிட்டு வேர் வரை விரிசல் விட்டது. எடுத்த பிறகு விலை விசாரித்தேன். அண்ணா நகரில் ஒரு இடத்தில் 18,000 ரூபாய் என்றார்கள். வேளச்சேரியில் 32,000. தி.நகரில் 55,000. எல்லாமே மருந்துச் சீட்டின் ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய ஒற்றை எண்கள்.

வீட்டில் எல்லோரும் அண்ணா நகரையே கை காட்டினார்கள். நான் போன் போட்டுத் துருவினேன். அந்த 18,000 என்பது எலும்புக்குள் போகும் டைட்டானியம் ஸ்க்ரூவுக்கும், அதை வைக்கும் வேலைக்கும் மட்டும். அதன் மேல் பொருத்தும் அபட்மென்ட், அதாவது ஸ்க்ரூவையும் கேப்பையும் இணைக்கும் துண்டு, தனியாக 6,000. அதற்கும் மேலே உட்காரும் ஜிர்கோனியா கேப் 10,000. தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வெளியே எடுத்துவர வேண்டும், 2,000. கூட்டிப் பார்த்தால் 36,000. வேளச்சேரிக்காரர்கள் சொன்ன 32,000-இல் ஸ்கேன் தவிர எல்லாம் அடக்கம். ஆக அங்கே 34,000. மலிவு என்று நாங்கள் நினைத்த இடம்தான் 2,000 ரூபாய் கூடுதல். தி.நகர் கணக்கில் ஸ்கேன் முதல் கேப் வரை எல்லாமே உண்டு, ஸ்க்ரூவும் ஸ்விட்சர்லாந்துத் தயாரிப்பு. மூன்று மடங்கு என்று தெரிந்த வித்தியாசம், ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்ததும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிட்டது.

இதைக் கேட்டு வாங்க எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் எஸ்டிமேட் போடுகிறேன். பேப்பர், பிளேட், அச்சுக்கூலி, பைண்டிங் என்று தனித்தனியாக எழுதாவிட்டால் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக்கூட ஆர்டர் கிடைக்காது. ஆனால் எல்லோருக்கும் 'அபட்மென்ட் இதில் சேர்ந்ததா?' என்று கேட்கத் தெரியாது. அபட்மென்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்களிடம் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. ஸ்க்ரூ ஏறி, ஈறு ஆறி, மாதங்கள் கழித்துக் கேப்புக்குப் போகும்போதுதான் 'இதற்குத் தனி' என்ற சொல் காதில் விழுகிறது. அந்த நேரத்தில் அவர் எங்கே போவார்? பாதி வேலை அவர் தாடைக்குள் இருக்கிறது.

உங்கள் பக்கச் செலவும் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ஸ்க்ரூவின் விலை அதில் ஒரு பங்குதான். கிளினிக் வாடகை, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, கேப் செய்து தரும் லேப்பின் கட்டணம், இம்பிளாண்ட் வைப்பதற்கென்று வெளியிலிருந்து வந்து போகும் கன்சல்டன்ட்டின் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை. கன்சல்டன்ட் வருவதில் தவறே இல்லை. நம் நாட்டில் பல் மருத்துவ மேற்படிப்பான எம்டிஎஸ்ஸில் ஒன்பது பிரிவுகள் உண்டு. இம்பிளாண்ட் அதில் தனிப் பிரிவு இல்லை. பல் கட்டும் துறையினர், ஈறு நோய்த் துறையினர், வாய் அறுவை சிகிச்சைத் துறையினர், இளநிலைப் பட்டமான பிடிஎஸ்ஸோடு தனியாகப் பயிற்சி எடுத்த டாக்டர்கள் என்று பலரும் செய்கிறார்கள். என் வாயில் ஸ்க்ரூ வைக்கப்போவது யார், அவர் என்ன படித்திருக்கிறார், ஆறு மாதம் கழித்து ஸ்க்ரூ ஆடினால் பொறுப்பு அவருக்கா உங்களுக்கா என்பதும் அந்தத் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும். பல கிளினிக்குகளில் நோயாளி அந்த டாக்டரை முதன்முதலில் பார்ப்பதே மரத்துப்போகும் ஊசி போடும்போதுதான்.

பிராண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு அதிகக் குழப்பம் இங்கேதான், உங்களில் பலர் மிகக் குறைவாகப் பேசுவதும் இங்கேதான். 'இம்போர்ட்டட் வேணுமா, சாதா வேணுமா?' என்று ஒரு ரிசப்ஷனில் கேட்டார்கள். கொரியாவிலிருந்து வருவதும் இம்போர்ட்டட்தான், ஸ்விட்சர்லாந்திலிருந்து வருவதும் இம்போர்ட்டட்தான். விலையோ எங்கேயோ இருக்கிறது. டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளர்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-இல் முயல்களின் எலும்பில் கவனித்தார். மனிதருக்கு முதல் முறையாக 1965-இல் வைத்தார். அந்த அடிப்படையை இன்று எல்லா நிறுவனமும் பயன்படுத்துகிறது. நோபல் பயோகேர், ஸ்ட்ராமன் போன்றவை விலையின் மேல்தட்டில் இருக்கின்றன. அவற்றின் ஸ்க்ரூக்கள் நீண்ட காலம் ஆய்வில் இருந்தவை. ஆஸ்டெம், டென்டியம் போன்ற கொரிய நிறுவனங்கள் நடுவில். இஸ்ரேல் தயாரிப்புகள் உண்டு, இந்தியத் தயாரிப்புகளும் உண்டு.

நோயாளி கூடுதல் பணம் கொடுத்து இதில் எதை வாங்குகிறார்? நான் கேட்டுப் புரிந்துகொண்டவரை, எல்லாம் சரியாக அமைந்தால் முதல் சில வருஷங்களில் சாப்பிடும்போது பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. வித்தியாசம் தெரிவது பதினைந்து வருஷம் கழித்து, உள்ளே இருக்கும் சின்னத் திருகாணி உடைந்து, அதே அளவில் இன்னொன்று தேடும்போது. அந்த நிறுவனம் அன்றைக்கு இருக்குமா, அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்குமா, நான் அப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தால் அங்குள்ள டாக்டரிடம் அதைத் திருகும் கருவி இருக்குமா? விலை வித்தியாசத்தை இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும். 'இது பென்ஸ், அது மாருதி' என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை, மாருதிதான் ஊர் முழுக்க ஓடுகிறது.

அடுத்தது எலும்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், மன்னியுங்கள்.

பல்லை எடுத்த இடத்தில் தாடை எலும்பு அப்படியே நிற்பதில்லை, கரைகிறது. அதுவும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக. பல் மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் இது. ஆனால் என் பல்லை எடுத்த கிளினிக்கில் பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள், சூடாக எதுவும் குடிக்காதே என்றார்கள், மாத்திரை எழுதினார்கள். 'பின்னால் இம்பிளாண்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் ரொம்ப நாள் தள்ளாதீர்கள், எலும்பு குறையும், செலவு ஏறும்' என்று ஒரு வாக்கியம் சொல்லவில்லை. எடுத்த குழியிலேயே எலும்புத் துகள் நிரப்பி வைக்கும் முறை ஒன்று உண்டு, அதற்கு இவ்வளவு ஆகும், கரைவதை அது குறைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது என்று சொல்லியிருந்தால் வேண்டுமா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். பணம் சேர்த்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போனபோது ஸ்கேனைப் பார்த்த டாக்டர், 'எலும்பின் அகலம் போதவில்லை, கிராஃப்ட் வைக்க வேண்டும், அதாவது எலும்புத் துகள் சேர்த்து அகலப்படுத்த வேண்டும், 12,000 ஆகும்' என்றார். என் 34,000 இப்போது 46,000. அவர் நேர்மையாக முன்கூட்டியே சொன்னார், அதனால்தான் அங்கேயே செய்துகொண்டேன். இன்னும் சில இடங்களில் ஈறைத் திறந்த பிறகு, நோயாளி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருக்கும் கணவரையோ மகனையோ கூப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சிபிசிடி எடுத்திருந்தால் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். உறுதியாகத் தெரியாத நிலை என்றால், 'கிராஃப்ட் தேவைப்படலாம், தேவைப்பட்டால் இதிலிருந்து இது வரை' என்று எழுதிவிடலாமே. மேல்தாடைக் கடைவாய் என்றால், அங்கே எலும்பு போதாவிட்டால் மேலே உள்ள சைனஸ் அறையின் அடிச்சவ்வை உயர்த்தி எலும்பு சேர்க்கும் சைனஸ் லிஃப்ட் என்று இன்னொரு பெரிய தொகை நிற்கிறது; அதுவும் அப்படியே.

மாற்று வழிகளையும் அந்தத் தாளில் எழுதுங்கள் என்றால் உங்களில் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் கேட்கிறேன். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பல் கட்டும் பிரிட்ஜ் போட்டால் இருபக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் செதுக்க வேண்டும் என்பது இம்பிளாண்ட்டுக்குச் சாதகமான பெரிய வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு பற்களுக்கும் ஏற்கெனவே கேப் போட்டாயிற்று என்றால் அந்த வாதம் பெரிதும் வலுவிழந்துவிடுகிறது. கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் பலருக்குப் பிடிக்காது, ஆனால் கையில் காசில்லாத ஒரு வருஷத்தை அதை வைத்து ஓட்டலாம். வாயின் கடைசியில் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போயிருந்தால், சிலருக்கு அப்படியே விட்டுவிடுவதுகூட ஒரு வழிதான். எது யாருக்கு என்பது நீங்கள் சொல்ல வேண்டியது. ஆனால் எல்லா வழிகளையும் விலையோடு சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் பரிந்துரையைச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முறையில் உங்களுக்கே வசதியான ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்க்ரூ வைத்த பிறகு எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கிறோம்; கீழ்த்தாடையில் பொதுவாகக் குறைவு, மேல்தாடையில் கூடுதல். இந்த இடைவெளியே இயல்பான தவணை. அறுவை சிகிச்சை அன்று அந்தக் கட்டத்துக்கான பணம், கேப்புக்கு அளவெடுக்கும் நாளில் மிச்சம் என்று வைத்தால் மாதச் சம்பளக்காரர்கள் கடன் இல்லாமல் சமாளிப்பார்கள். அதை விட்டுவிட்டு 'முழுத் தொகையும் இன்றே கட்டினால் 5,000 தள்ளுபடி' என்று சொல்லும்போது எங்களுக்கு யோசிக்க நேரம் கொடுக்கக்கூடாது என்பதுதான் நோக்கமோ என்று சந்தேகம் வருகிறது. 'வட்டியில்லா இஎம்ஐ' என்ற போர்டும் அப்படித்தான். வட்டியே இல்லாத திட்டம் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் எங்கேயோ வசூலாகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொன்னது. பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று பார்த்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பில். 'பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி சேரும்' என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். கிளினிக்கில் தரும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வெறும் அழகுக்காகச் செய்பவைதான் அதற்கு வெளியே. இழந்த கடைவாய்ப் பல்லுக்கு இம்பிளாண்ட் வைப்பது அழகுக்கு இல்லை, இட்லியை மென்று தின்ன. பில் எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 60 வயது தாண்டி, மருத்துவக் காப்பீடே இல்லாத பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவை, ரொக்கமாக அல்லாமல் வங்கி வழியாகக் கட்டியிருந்தால், பழைய வருமான வரி முறையில் வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். பில் இல்லாமல் அதற்கு எதைக் காட்டுவது? சாதாரண மருத்துவக் காப்பீடு, விபத்தில் பல் போனால் ஒழிய, பெரும்பாலும் பல் செலவைத் தொடுவதே இல்லை. அதனால் இது முழுக்க எங்கள் கைப்பணம்.

அரசு விலை நிர்ணயிக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கும், ஆகஸ்ட்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. பல் இம்பிளாண்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. வைத்தாலும், ஸ்க்ரூ விலையைக் குறைத்து 'செய்கூலி'யில் ஏற்றிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஒற்றைப் பல் வேலையில் பொருளைவிடக் கைவேலைக்கும் லேப்புக்கும் போவதே அதிகம் என்பது என் எண்ணம், அதனால் உச்சவரம்பை நான் பெரிதாக நம்பவில்லை. கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் பார்வையில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று மத்திய மருத்துவ நிறுவனங்கள் விதி 2012-லேயே சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு 1997-லிருந்து தனிச் சட்டம் இருப்பதால் அந்த விதி நேரடியாக இங்கே வராது. சரி, வராவிட்டால் என்ன? உங்கள் சுவரில் எழுதி வைக்க டெல்லி சொல்ல வேண்டியதில்லையே. பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நோயாளியின் கையெழுத்தோடு ஒரு எஸ்டிமேட் இருந்தால் நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அது உங்களையும் காப்பாற்றும்.

முடியாதவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அம்மாவிடம் 46,000 என்றால் சிரிப்பார். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையைச் சுற்றித் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் ஏராளம். கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் செய்வதால் செலவு பொதுவாகக் குறைவு; நேரம் அதிகம் ஆகும், பல முறை அலைய வேண்டும். இது உங்களுக்குத் தெரியும், உங்களில் பலர் அங்கேதான் படித்தீர்கள். 'யோசித்துவிட்டு வருகிறேன்' என்று எழுந்து போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் இந்த முகவரியைச் சொல்லி அனுப்புவதால் நீங்கள் இழக்கப்போவது எதுவும் இல்லை.

வேலை முடிந்த பிறகு வரும் செலவையும் மறைக்காதீர்கள். 'லைஃப் டைம் வாரண்டி' என்று போர்டில் போடுகிறீர்கள். பொதுவாக நிறுவனத்தின் வாரண்டி ஸ்க்ரூவுக்கு மட்டும்: அது தோற்றுப்போனால் இன்னொரு ஸ்க்ரூ வரும். அதை மறுபடி வைக்கும் கூலி? உடைந்த கேப்? மறுபடி கிராஃப்ட்? இவற்றுக்கு யார் கொடுப்பது என்று எழுதுங்கள். பத்து வருஷம் தாண்டியும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கிறது என்பது உண்மை, ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கும், ஈறு நோய் உள்ளவர்களுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எலும்பு மெலியும் நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுக்கும் அம்மாக்களிடம் அதைத் தனியாகவே கேட்க வேண்டும். வருஷாவருஷம் சுத்தம் செய்ய எவ்வளவு, திருகாணி தளர்ந்தால் இறுக்க எவ்வளவு என்பதும் அதே தாளில் வரட்டும்.

கடைசியாக ஒரு சின்னப் பொருள். பொதுவாக ஸ்க்ரூ வரும் பெட்டிக்குள் ஒட்டும் லேபிள்கள் இருக்கும். நிறுவனத்தின் பெயர், மாடல், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் உண்டு. ஒன்றை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறீர்கள். இன்னொன்றை எங்களுக்கு ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். நீங்கள் கிளினிக்கை மூடிவிட்டு அமெரிக்கா போனாலும், நான் கோயம்புத்தூருக்கு மாறினாலும், அடுத்த டாக்டர் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு இது எந்த ஊர் ஸ்க்ரூ என்று ஊகிக்க வேண்டியிருக்காது. நான் கேட்டபோதுதான் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கேட்காதவர்களின் லேபிள் பெட்டியோடு குப்பைக்குப் போகிறது.

மேலே சொன்ன எல்லாமே ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும், பெரிய எழுத்தில், தமிழில். இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் தொகை, கீழே மொத்தம், அதற்கும் கீழே 'தேவைப்பட்டால் கூடுதல்' என்று ஒரு கட்டம், இரண்டு கையெழுத்து. மாதிரி ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறேன். எந்த டாக்டர் கேட்டாலும் தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் கிளினிக் பெயர் போட்டு அச்சிட வேண்டுமென்றால் மட்டும் எங்கள் அச்சகத்தில் செலவு ஆகும், அதற்கு முன்கூட்டியே எஸ்டிமேட் தருவோம்.

இப்படிக்கு,
ஸ்க்ரூ ஏறிவிட்டது, கேப்புக்குக் காத்திருக்கும் ஒரு ராயப்பேட்டைக்காரி